கேள்வியின் கடைசிச் சொல்லில் விரலை வையுங்கள்

முதல்முறை எழுதிய போட்டித் தேர்வில், விடை தெரிந்த ஆறு கேள்விகளைக் கோட்டை விட்டேன். ஆறிலும் ஒரே தவறு. "பொருந்தாதது எது?" என்று கேட்டிருந்ததை "பொருந்துவது எது?" என்று படித்திருந்தேன். கவனக்குறைவு என்றார்கள் வீட்டில். உளவியல் பாடத்தில் வாசிப்பைப் பற்றிப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படிக்கும்போது மூளை சும்மா காத்திருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே போகிறது. 1980-இல் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற மூளை ஆய்வாளர்கள் சிலரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஆங்கில வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். சூடான ரொட்டியில் எதையோ தடவினான் என்று போகும் வாக்கியம் 'காலுறை' என்று முடிந்தால், ஏறக்குறைய 400 மில்லி விநாடியில் மூளையின் மின் அலை சட்டென்று மாறியது. N400 என்று அந்த மாற்றத்துக்குப் பெயர். எளிதில் ஊகிக்க முடிகிற சொல்லாக இருந்தால், கண் பல நேரம் அதில் நிற்காமலே தாண்டிவிடும்.

தமிழில் 'அல்ல', 'இல்லை', 'தவறானது எது' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதற்குள் மனம் கேள்வியை முடித்து வைத்துவிடுகிறது. பழைய வினாத்தாள்களை நிறையப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்றே நினைக்கிறேன். பழகப் பழக ஊகமும் வலுக்கும் அல்லவா?

அதனால் இப்போது கேள்வியின் கடைசி இரண்டு சொற்களில் விரலை வைத்து, அதை முதலில் படிக்கிறேன். அப்புறம்தான் முழுக் கேள்வி. கட்டுரைத் தாளைத் திருத்தும்போதும் கடைசி வாக்கியத்திலிருந்து மேலே போகிறேன். நாம் எழுதியதை நாமே படித்தால், விட்டுப்போன எழுத்தையும் மனம் நிரப்பிக்கொள்ளும்.

இதே ஊகத்தைப் படிப்புக்கும் பயன்படுத்தலாம். 1953-இல் வில்சன் டெய்லர் என்பவர், ஒரு பகுதியில் சீரான இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். நான் பாடப் பக்கத்தை நகலெடுத்து, ஐந்தாவது சொல்லையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டு, மறுநாள் நிரப்பிப் பார்ப்பேன். 'இருந்தது', 'ஆகும்' போன்றவை தானாக வந்துவிடும். வராத இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் ஆண்டு, பெயர், கலைச்சொல். அந்த வரிகளை மட்டும் திரும்பப் படித்தால் போதும். பக்கம் முழுவதையும் நான்கு முறை புரட்டுவதைவிட இது எனக்கு நன்றாக நின்றது.

அடுத்த தேர்வில் இப்படித் தவறாகப் படித்தது ஒரே ஒரு கேள்வி. கடைசிப் பத்து நிமிட அவசரத்தில் விரல் வைக்காமல் படித்த கேள்வி அது.