மலைநாட்டில் ஒரு 12 அடிப் படகு: வரைபடம் வாங்கியதிலிருந்து தண்ணீரில் இறக்கும்வரை

வரைபடத்துக்குக் காசு கட்டும் முன் வேலை செய்யப்போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். 12 அடிப் படகை ஒருக்களித்தால் இரண்டரை அடிக் கதவால் வெளியே எடுக்கலாம். ஆனால் கதவுக்கு வெளியே நேராக 12 அடி நீட்டவும் இடம் வேண்டும். லயத்து வீட்டில் இஸ்தோப்பு ஆறடி. அதற்கப்பால் கான், படி, மண்மேடு. படகு அங்கே திரும்பாது. நாங்கள் நோர்வூட் பக்கம் மரக்கறி அடுக்கும் தகரக் கொட்டகையொன்றில் செய்தோம். 18 அடி நீளம், 10 அடி அகலம். படகைச் சுற்றி மூன்றடி நடக்க இடமில்லாவிட்டால் கையை வீசி ரெசின் பூச முடியாது.

நாங்கள் எடுத்தது பிளைவூட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபொக்சியாலும் (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை) கண்ணாடி நாரிழை நாடாவாலும் ஒட்டும் முறை. 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னலும் சேர்ந்து வடிவமைத்த மிரர் என்ற சிறு பாய்ப்படகுதான் இந்த முறையை ஊரறியச் செய்தது. சட்டகம், அச்சு எதுவும் வேண்டாம். பலகைகளைச் சரியாக வெட்டினால் அவை தாமே வளைந்து படகின் உருவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் மரபாஸ் வேலை தெரியாதவரும் இதில் இறங்கலாம்.

சிறு படகுகளின் வரைபடம் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களில் கணிசமானவை குடும்பத் தொழில். ஒருவர் வரைவார், வீட்டார் ஒருவர் ஓடர்களையும் கடிதங்களையும் பார்ப்பார். இது நமக்கு வசதி. கேள்விக்குப் பதில் எழுதுபவர் பெரும்பாலும் வரைந்தவரேதான். ஆனால் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். பசை கலக்கி வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

அவர்களிடம் இரண்டு விதமானவர்கள் வாங்குகிறார்கள். படகுத் தொழில் செய்பவர் இயந்திரத்தில் வெட்டும் கோப்பும் எடைக் கணக்கும் கேட்பார். நம்மைப்போல் வீட்டில் செய்பவருக்கு வேண்டியது அளவுப் பட்டியல், படிப்படியான கையேடு, பொருட்பட்டியல். எந்தப் பொதி வாங்குகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். பொதுவாக ஒரு வரைபடத்துக்கு ஒரு படகு செய்யத்தான் அனுமதி. இரண்டாவது படகுக்கு மறுபடி கட்ட வேண்டும். முதற்கடிதத்திலேயே எழுத வேண்டியவை: எத்தனை பேர் ஏறுவார்கள், எப்படிப்பட்ட தண்ணீர், உங்கள் ஊரில் கிடைக்கும் பிளைவூட்டின் தடிப்பு, வேலை நடக்கும் இடத்தின் இரவு வெப்பநிலை. கடைசியை யாரும் எழுதுவதில்லை. நாங்கள் எழுதினோம்: கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல், இரவில் 14 பாகை. சீக்கிரம் இறுகச் செய்யும் வேக ஹார்ட்னர் மட்டும் வாங்குங்கள் என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி வரைபடத்தின் விலைக்குச் சமம்.

அடிப்பலகையை 6 மில்லிமீட்டருக்குப் பதில் 9 ஆக்கலாமா என்றும் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். எடை கூடுவது ஒரு காரணம். முக்கியமான காரணம், அணியத்தில், அதாவது முன்மூக்கில், பலகை வளைவதோடு முறுகவும் வேண்டும். 9 மில்லிமீட்டர் அந்த முறுக்குக்கு வராது, கம்பியைப் பிய்த்துக்கொண்டு போகும். பலம் வேண்டுமென்றால் வெளியே இன்னொரு படை கண்ணாடி நாரிழைத் துணி போடச் சொன்னார்கள். வரைந்தவரைக் கேட்காமல் தடிப்பை மாற்றாதீர்கள்.

முழு அளவு அச்சுக்கோப்பு வாங்கினால் பிரின்ட் எடுக்கும் கடையில் நின்று, ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை அணைத்து 100 வீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் உள்ள அளவுகோலை இரும்பு அடிமட்டத்தால் நீளத்திலும் அகலத்திலும் சரிபாருங்கள். எங்கள் முதல் பிரதி ஒரு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கடதாசி நம் மழைக்காலத்தில் ஈரத்துக்கு நீளும் என்பதால், கடைசியில் அளவுப் பட்டியலை வைத்தே நேராகப் பலகையில் குறித்தோம். 300 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளி, புள்ளிகளில் சின்ன ஆணி, ஆணிகளை ஒட்டி ஒரு நீளமான ரீப்பை. ரீப்பை ஓர் ஆணியை விட்டு விலகி நின்றால் அந்தப் புள்ளியைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி ஒரு முனையிலிருந்து பாருங்கள். மேடு பள்ளம் உடனே தெரியும்.

பிளைவூட் 8க்கு 4 அடி, 6 மில்லிமீட்டர், ஐந்து தாள். கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. மரைன் பிளைவூட் என்று முத்திரை இருந்தாலும் ஒரு துண்டை வெட்டி ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள், காய வையுங்கள், மறுபடி கொதிக்க வையுங்கள். பிறகு கத்தி நுனியால் படைகளைக் கிளப்பிப் பாருங்கள். பசை விட்டால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். நடுப்படையில் வெற்றிடம் இருக்கிறதா என்று அறிய விரல் மூட்டால் தட்டுங்கள். ஓட்டையான இடத்தில் சத்தம் மாறும். மேல்விளிம்புச் சட்டங்களுக்கு மலைவேம்பு எடுத்தோம். சிங்களத்தில் லுனுமிதெல்ல என்பார்கள். கரையோரத்தில் ஒருவகைப் படகுக்கும் தெப்பத்துக்கும் பழகிய மரம், எடை மிகக் குறைவு. அடி உரசும் இடத்துக்கு மட்டும் அது போதாது, தேக்கு வையுங்கள்.

தாள் 8 அடி, படகு 12 அடி என்பதால் இரண்டு தாள்களைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். சரிவு 8க்கு 1. 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். சீவுளி கூராக இருந்தால், படைகளின் கோடுகள் ஒரே அகலத்தில் நேராகத் தெரியும். அவை அலைந்தால் சரிவும் அலைகிறது. ஒட்டும் முன் சரிவுமுகத்தில் வெறும் எபொக்சி ஒரு பூச்சு பூசி 10 நிமிடம் ஊறவிட்டு, பிறகு தடிப்பான பசை போடுங்கள். ஊறவிடாவிட்டால் மரம் பசையை உறிஞ்சிவிடும், மூட்டு வெறுமையாகிவிடும். பின்னாளில் அணியத்தை வளைக்கும்போது டப்பென்று விடும்.

தைக்க, வீட்டு வயரிங் செம்புக் கம்பியை உரித்து எடுத்தோம். துளை 2 மில்லிமீட்டர், விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, 150 மில்லிமீட்டருக்கு ஒன்று, அணியத்தில் 75க்கு ஒன்று. முதலில் எல்லாவற்றையும் தளர்வாக முறுக்கி, உருவம் வந்தபின் இறுக்குங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். தைத்த படகு துணிபோல் முறுகி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அணியத்திலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் அளவு நாடா பிடியுங்கள். இரண்டு அளவும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். பின்பலகையும் நடுக் குறுக்குப்பலகையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் பாருங்கள். முறுக்கு இருந்தால் ஒரு மூலையின் கீழ் ஆப்பு வைத்தால் சரியாகும். பசை இறுகிய பிறகு எதனாலும் சரியாகாது. படகு எந்நாளும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

இனி எபொக்சி. மலையில் படகைக் கெடுப்பதும் ஆக்குவதும் இதுதான்.

வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 10 பாகைக்குக் கீழே பெரும்பாலான ரெசின் இறுகாமலே கிடக்கும். சமையலறைப் போத்தலில் தேங்காயெண்ணெய் கட்டியாக நிற்கும் காலையில் ரெசினும் தேன்போல் தடித்திருக்கும். அப்படியே கலக்கினால் காற்றுக் குமிழி நிறைய ஏறும், துணியிலும் ஊறாது. சில நேரம் கலனுக்குள் வெள்ளையாகக் குருணை கட்டும். பழுதாகிவிட்டது என்று வீசிவிடாதீர்கள். மூடிய கலனைச் சுடுதண்ணீர் வாளியில், கை பொறுக்கும் சூட்டில் வைத்துக் கலக்கினால் தெளிந்துவிடும்.

கலவை விகிதத்தில் விளையாடக் கூடாது. பைபர் கூரை, தண்ணித் தாங்கி செய்பவர்கள் பழகியது பொலியெஸ்டர் ரெசின். அதில் குளிருக்கு ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டலாம், அது தூண்டி மட்டுமே. எபொக்சியில் இரண்டு திரவமும் அளவுக்கு அளவு சேர்ந்துதான் பொருளே உண்டாகிறது. கூட்டினால் மிச்ச ஹார்ட்னர் உள்ளேயே நின்று எந்நாளும் ரப்பர்போல் இருக்கும். இன்னொரு பொறி: கலனில் 2க்கு 1 என்று எழுதியிருப்பது கொள்ளளவா எடையா என்று பாருங்கள். ஹார்ட்னர் எடை குறைந்தது, இரண்டு கணக்கும் ஒன்றல்ல. நாங்கள் ஒரு கிராம் காட்டும் தராசில், எடைக் கணக்கில், ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்கவில்லை. கோப்பையில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே புகைந்து இறுகும். கலந்தவுடன் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

மூடுபனி இறங்கும் நேரத்தில் பூசினால் மறுநாள் காலை மேலே ஒரு மெழுகுப் படலம் இருக்கும். கை வைத்தால் எண்ணெய் தடவிய மேசைபோல் வழுக்கும், சற்று ஒட்டும். ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்குவது அது. அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. நேரே மணற்கடதாசியால் தேய்த்தால் படலம் இன்னும் உள்ளே ஏறும். முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானும். துடைத்துக் காய்ந்த பிறகே மணற்கடதாசி. கொட்டகையைச் சூடாக்கக் கரியடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ வைக்காதீர்கள். அவை கரியமில வாயுவையும், மண்ணெண்ணெய் என்றால் ஈரத்தையும் சேர்த்துக் கக்குகின்றன, படலம் கூடும். நாங்கள் படகுக்கு மேல் தார்ப்பாயால் கூடாரம் போட்டு உள்ளே நாலு 100 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டோம், பாயிலிருந்து ஓரடி தள்ளி.

வெறும் மரத்துக்கு முதற்பூச்சு போடும் நேரமும் இங்கே வேறு. மரம் சூடேறும்போது பூசினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். அதனால் வெப்பம் இறங்கும் மாலையில் பூசச் சொல்கின்றன கையேடுகள். இங்கே மாலையில் பனி வந்துவிடும். எங்களுக்குச் சரிவந்தது இது: காலை 7 மணிக்கே பல்பைப் போட்டு மரத்தைச் சூடாக்கி, பகல் 1 மணிக்கு அணைத்து, மரம் ஆறத் தொடங்கியதும் பூசி, 3 மணிக்குள் முடித்து, பசை அசையாத நிலைக்கு வந்ததும் மறுபடி பல்பு. விரல் வைத்தால் ரேகை பதிந்து, விரலில் பசை ஒட்டாத நிலையில் அடுத்த பூச்சைப் போட்டால் இடையில் தேய்க்கவே வேண்டாம். ஜூன், ஜூலை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பெப்ரவரி, மார்ச் நல்லது.

துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையில் நெய்தது, 10 மீட்டர், மூட்டு நாடா 75 மில்லிமீட்டர் அகலம் 50 மீட்டர். கடையில் மலிவாகக் கிடைக்கும் நார்ப்பாயை வாங்காதீர்கள். அதன் நாரைப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்டரில்தான் கரையும், எபொக்சியில் வெள்ளையாகவே நிற்கும். உள்மூலைகளில் மரத்தூளும் சிலிக்காத் தூளும் கலந்த பசையைக் கரண்டி முதுகால் வளைவாக இழுத்து, அது இறுகும் முன்னரே நாடாவைப் போட்டால் சுருக்கமில்லாமல் படியும். வெளிமூலைகளை உருட்டிவிடுங்கள், கூரான விளிம்பில் துணி நிற்காது. வரைபடத்தில் 10 கிலோ எபொக்சி என்றிருந்தது. எங்களுக்கு 12 கிலோ போனது.

பெயின்ட் கட்டாயம், வெயில் எபொக்சியைத் தின்றுவிடும். சாதாரண எனமல் சில எபொக்சிமேல் நாட்கணக்கில் காயாது. ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முன்னும் பின்னும் காற்றறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் திறக்கக்கூடிய மூடி வையுங்கள். காரணம் நாங்கள் பார்த்த கையேடுகளில் இல்லாதது: நம் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. இங்கே இறுக மூடிய அறையோடு படகை நீர்கொழும்புக்கு இறக்கினால் சதுர மீட்டருக்கு ஒரு தொன்னுக்கு மேல் அழுத்தம் வெளியிலிருந்து விழும். 6 மில்லிமீட்டர் பலகை உள்ளே குழியும், மூட்டு விடும். லொறியில் ஏற்றும் முன் மூடியைக் கழற்றிவிடுங்கள்.

நீர்த்தேக்கத்தில் இறக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்; மீன்பிடிக்கென்றால் பதிவு வேறு. வரட்சிக் காலத்தில் காசல்ரீயில் தண்ணீர் இறங்கி அடிக்கட்டைகளும் பாறையும் மேலே வரும். மவுசாகலையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் கட்டடமே தலைகாட்டும். அந்த மாதங்களில் ஏராவை, அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையை, இரண்டடிக்கு மேல் இறக்கும் வடிவம் வேண்டாம்.

முதல் நாளில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகை வேண்டுமென்றே நிரப்புங்கள். எங்களது 56 கிலோ. நிரம்பிய பிறகும் மேல்விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் நின்றது, ஒருவர் உள்ளே உட்கார்ந்து வாளியால் இறைக்க முடிந்தது. அரை மணி கழித்து காற்றறை மூடிகளைத் திறந்தோம். முன்னறை காய்ந்திருந்தது. பின்னறையில் ஒரு கோப்பைத் தண்ணீர், துடுப்புக் கொளுவியின் திருகாணித் துளை வழியாக வந்தது. அந்தத் துளையைப் பெரிதாக்கி, எபொக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்துத் திருகினோம். எல்லாத் துளையையும் முதலிலேயே அப்படிச் செய்யுங்கள்.