கம்ப்யூட்டரில் வராது

“கம்ப்யூட்டர்ல அந்த எழுத்து வராதுண்ணே” என்று சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை. நான் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையில் இருந்த பாமினி வகை ஃபாண்ட் எதிலும் பழைய ‘லை’ கிடையாது. யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்து நிற்குமே, அது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் போனது. ‘ணா’வின் பழைய வடிவமும் அதோடு போனது. இறந்தவர் பெயரில் இரண்டுமே இருந்தன.

கண்ணீர் அஞ்சலி பேனர், ஆறுக்கு நாலு, விடிவதற்குள் வேண்டும். இரவு பத்தரை. மகன் போனில் ஒரு படம் காட்டினார். பட்டறை வாசலுக்கு அப்பாவே எழுதி மாட்டிய தகர போர்டு. “அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட் தம்பி. பேரு மட்டும் அவர் எழுதுன மாதிரி வந்தா போதும்.” உள்ளேயிருந்து ஓனர், “டெம்ப்ளேட்ல போட்டு முடிடா” என்றார்.

படத்தை அடியில் வைத்து கோரல்டிரா சாஃப்ட்வேரில் எழுத்தின் மேலேயே கோடு இழுத்திருந்தால் அரை மணி நேரம். அது எனக்குத் தெரியும். மறுநாள் கல்லூரியில் சப்மிஷன், கடையில் என் சம்பளம் நாள் கணக்கு, பேனருக்குக் காசு சதுர அடிக்குத்தான், எழுத்துக்கு இல்லை. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அவர் எப்படியும் காத்துக்கொண்டுதான் இருந்தார். மெஷினில் முன்னால் இரண்டு ஃபைல். ஓரம் ஒட்டி, கயிறு கட்டுகிற ஐலெட் வளையம் அடிக்கும்வரை முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “சரி தம்பி, இப்ப எல்லாரும் படிக்கிறது இந்த எழுத்துதானே” என்று எனக்கே ஆறுதல் வேறு.

பேனருக்காக மகன் தன் அப்பாவின் படங்களை அனுப்பும்போது அந்த போர்டையும் கடை வாட்ஸப்புக்கு அனுப்பியிருந்தார். இரண்டு மாதம் கழித்து எழுத்து வடிவமைப்பு அசைன்மென்டுக்கு அதைத்தான் எடுத்தேன். அந்த ‘லை’யை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். தட்டை பிரஷ். தூக்காமல் ஒரே இழுப்பில் துதிக்கை வளைந்து, முடிகிற இடத்தில் மயிரிழையாகிறது. ‘ணா’வின் கீழ்ச்சுழியில் மட்டும் பெயின்ட் கொஞ்சம் தேங்கியிருந்தது, அங்கே கை ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். வகுப்பில் அதற்குத்தான் அதிக மார்க். யாருடைய எழுத்து என்று கேட்டார்கள். “ஏதோ பழைய போர்டு” என்றேன்.

இன்டர்ன்ஷிப் நேர்காணல்களில் ஏன் டிசைனுக்கு வந்தாய் என்று கேட்பார்கள். பெரம்பூரிலிருந்து அம்மாவோடு 29சி பஸ்ஸில் போகும்போது, ஜன்னல் வழியாகக் கடை போர்டுகளைப் படித்துத்தான் தமிழ் எழுத்தே பழகினேன் என்று சொல்வேன். உண்மைதான். எங்கேயும் எடுபடுகிற உண்மை.

ஃப்ளெக்ஸ் வந்துதான் அவர் மாதிரி ஆட்களின் பிழைப்பே போனது, அவர் பெயரை ஃப்ளெக்ஸில் போட்டதே கூத்து, இதில் எழுத்து வேறு ஒரு கவலையா என்கிறான் நண்பன். அதுவும் சரியாகத்தான் படுகிறது. இறந்தவரும் அவசரத்துக்கு எத்தனையோ போர்டு எழுதித் தள்ளியிருப்பார். ஆனால் தன் பெயரை அப்படி எழுதவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது.

ஏ3 தாளில் அந்தப் பெயரை பிரிண்ட் எடுத்துச் சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன். மகன் நம்பர் கடை போனில் இருக்கிறது. எடுத்ததும் என்ன சொல்வது? “அண்ணே, அந்த எழுத்து வருதுண்ணே” என்றா?