பீன்யாவுக்கு ஆள் கிடைப்பதில்லை

பெங்களூரு ஒன்றுதான்; பொம்மசந்திரா, பீன்யா இரண்டும் அதன் தொழிற்பேட்டைகள்தான். ஆனால் பொம்மசந்திராவில் சிஎன்சி (கம்ப்யூட்டர் வழி இயங்கும் மிஷின்) ஆபரேட்டர் இடம் காலி என்றால் சீக்கிரமே ஆள் சேர்ந்துவிடுவார். அதே வேலை, ஏறக்குறைய அதே சம்பளம், பீன்யாவில் என்றால் இழுத்துக்கொண்டே போகும். கன்சல்டன்சியில் உட்கார்ந்து இரண்டு இடத்துக்கும் ஆள் தேடுவது நான்தான். "வேலை தெரிஞ்சவனே இல்லை சார்" என்று பீன்யா முதலாளிகள் சொல்வதை நான் நம்புவதில்லை.

பொம்மசந்திரா ஓசூர் சாலையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஐடிஐ பையன்களுக்கு உள்ளே ஏற்கெனவே ஒரு மாமாவோ மச்சானோ இருப்பார். மிஷினில் இருக்கும் கன்ட்ரோல் ஃபானக்கா சீமென்ஸா, சூப்பர்வைசர் எப்படி, ஓ.டி. பணம் ஒழுங்காக வருமா என்பதெல்லாம் இன்டர்வியூவுக்கு முன்பே பையனுக்குத் தெரிந்திருக்கும். பீன்யாவுக்கு நான் கூப்பிட்டால் பேச்சு இப்படிப் போகும்:

"சம்பளம் சரிண்ணா. ரூம் கம்பெனி குடுக்குமா?"

"இல்லப்பா, பக்கத்துல பி.ஜி. ஹாஸ்டல் இருக்கு."

"அப்ப வீட்டுக்கு என்னத்த அனுப்புறது?"

வீடு எடுக்கலாம் என்றாலோ, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊர் இது. (பீன்யா இருப்பது தும்கூர் சாலையில்; அந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கணக்கு தலைகீழ், அவர்களுக்கு பீன்யாதான் வாசல்.)

போக்குவரத்து மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. பீன்யாவுக்கு மெட்ரோ 2014லேயே வந்துவிட்டது. பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டில்தான். காலியிடமும் வேலை தேடுபவரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தும் சேராமல் போவது ஏன் என்று ஆராய்ந்ததற்குத்தான் 2010இல் டயமண்ட், மார்டென்சன், பிசாரிடீஸ் மூவருக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். தேடுவதற்கே செலவாகிறது என்பது அவர்கள் வாதம். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959லேயே நம் நாட்டில் சட்டம் போட்டார்கள். தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைய ஆப்களும் அதே வேலையைத்தான் வேகமாகச் செய்கின்றன: இடம் காலி என்று சொல்லும், சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது.

பீன்யாவில் ஒரு முதலாளி மட்டும் விஷயத்தைப் பிடித்துவிட்டார். அட்வான்ஸைத் தானே கொடுத்து வீடு எடுத்து, தர்மபுரிப் பையன்களைத் தங்க வைத்தார். அப்புறம் அவர்களே ஊரிலிருந்து ஆள் கூட்டிவர ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அவர் எங்களுக்குப் போன் செய்வதே இல்லை. கமிஷன் போச்சு.