ஓரியூருக்கு ஒரு கடன்

நேர்ச்சை வைத்தவர் என் மாமியார். எழுதுவது நான். அவரிடம் கேட்டால் "போனோம், குடுத்தோம், வந்தோம்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்.

2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்குவாகக் கிடந்ததே, அந்த வருஷம். பெரியவனுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் நாலாம் நாள் விட்டது, அப்பாடா என்று நினைத்தோம். அதற்கப்புறம்தான் ரத்தத் தட்டணுக்கள் இறங்க ஆரம்பித்தன. 18,000 என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் தேவகோட்டைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மாமியார் மதுரைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப் பை. அதற்குள் மாற்றுச் சேலையும் ஜெபமாலையும் பழைய டானிக் பாட்டில் ஒன்றும். பாட்டிலில் ஓரியூர்ச் செம்மண். ராமநாதபுரம் மாவட்டத்தில் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வேதத்துக்காக வெட்டுப்பட்ட ஊர் ஓரியூர்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அந்த மண் இருக்கும். வயிற்று வலியா, ஒரு சிட்டிகை தண்ணீரில். பேறுகாலமா, வயிற்றில் ஒரு பூச்சு. எனக்கு இரண்டு பிரசவத்துக்கும் பூசியிருக்கிறார்கள். மாமியார் பையன் நெற்றியில் அதைத் தொட்டு வைக்க, நர்ஸம்மா, "மண்ணெல்லாம் வைக்காதீங்கம்மா" என்று அதட்டினார். "மண்ணு இல்ல தாயி, அருளானந்தர் ரத்தம்" என்றார் இவர். அப்புறம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களைக் கேட்காமல், படுத்துக் கிடந்தவனையும் கேட்காமல், சத்தமாகவே சொன்னார்: "சாமி, இவன எழுப்பிக் குடுங்க. ராத்திரியோட ராத்திரியா நடத்திக் கூட்டியாந்து, முடி எறக்கி, ஒங்க வாசல்ல பொங்க வச்சுட்டுப் போறேன்."

இரண்டாம் நாள் எண்ணிக்கை ஏறியது. டாக்டர்மாரும் தூங்காமல் பார்த்தார்கள், அதை மறைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதல் வேலையாக அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நேர்ச்சை தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் நான் சின்னவளைச் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு வருஷம் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் கொரோனா. அப்புறம் மாமனார் தவறிவிட்டார். அப்புறம் மாமியார் மூட்டு. ஆனால் எங்களோடு வந்து தங்கிய பிறகு ஒரு ராத்திரியும் அவர் விட்டதில்லை. ஏழரை மணிக்கு டிவி அணைய வேண்டும். ஜெபமாலை ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து, பிரார்த்தனையும் முடிந்து, சின்னவள் என் மடியில் தூங்கியே போன பிறகு, "கடனுக்கு ஒண்ணு" என்று தனியாக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம். பசியோடு முழங்காலில் நிற்கிற எனக்கு எத்தனையோ நாள் எரிச்சலாக வந்திருக்கிறது. அருளானந்தர் மன்னிக்கட்டும்.

இந்த வருஷம் பிப்ரவரி 4 புதன்கிழமையிலேயே விழுந்தது. அவர் வெட்டுப்பட்ட தேதியும் அதுதான், கிழமையும் அதுதான். மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நான் இருப்பேனோ என்னமோ" என்று ஆரம்பித்தார். கிளம்பிவிட்டோம்.

ஆனால் கடன் யார் தலையில் இருந்ததோ அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஞானஸ்நானப் பெயரே அருளானந்தர்தான், அதில் அவனுக்குச் சந்தோஷம். முடியில் கை வைக்கத்தான் விடமாட்டேன் என்றான். நெற்றியில் விழுகிற மாதிரி ஆறு மாசமாக வளர்த்தது. "நான் வேண்டிக்கலையே. அப்பத்தா வேண்டிக்கிட்டா அப்பத்தா அடிச்சுக்கட்டும் மொட்டை." இரண்டு நாள் சாப்பாட்டு வேளையெல்லாம் சண்டை. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் "நடக்க மட்டும் வர்றேன்" என்று ஒப்புக்கொண்டான். மிச்சத்தை அருளானந்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டேன்.

மூன்றாம் தேதி ராத்திரி திருவாடானையில் வேனை நிறுத்தி, கோயில் கோபுரத்துக்கு எதிர்ப் பக்கம் டீ குடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினோம். மாமியார் முதல் கொஞ்ச தூரமும் கடைசிக் கொஞ்ச தூரமும் நடப்பது, நடுவில் வேன் என்று பேச்சு. அவர் நடந்த வேகத்தைப் பார்த்தால் மூட்டு வலி எனக்குத்தானோ என்று தோன்றியது. முன்னாலும் பின்னாலும் காவித் துண்டு கட்டிய கூட்டம், ஜெபமாலை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அறுவடை நேரம். ரோட்டில் வைக்கோல் சிந்திக் கிடந்தது, காலுக்கு மெத்தென்று இருந்தது. அந்த வைக்கோலுக்கு அடியில்தான் சீமைக்கருவேல முள்ளும் இருந்தது.

பெரியவன் "ஆ" என்று உட்கார்ந்துவிட்டான். குதிகாலில் முள் ஏறி ஒடிந்துவிட்டது. வேனிலிருந்து மாமியார் இறங்கி வந்தார். அவர் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும், நாங்கள் கேலி செய்வோம். ஒன்றைக் கழற்றி, வாயில் வைத்து ஈரம் பண்ணி, அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன். கண் சரியாகத் தெரியாதவர், விரலால் தடவியே முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து நெம்பி எடுத்தார். எடுத்த முள்ளை ரோட்டில் போடவில்லை, இன்னொருத்தர் காலில் ஏறுமாம். முந்தானையில் முடிந்துகொண்டார். "வேன்ல ஏறிக்கய்யா" என்றார். அவன் ஏறவில்லை.

அப்புறம் என்னோடு நொண்டிக்கொண்டே வந்தான். தூக்கம் வராமலிருக்க நான் கதை சொன்னேன். கதை என்றால் அருளானந்தர் கதை, மறைக்கல்வி வகுப்பில் அவன் பாதி கேட்டதுதான். 1647-ல் லிஸ்பனில் பிறந்த பையன். பின்னால் போர்ச்சுகல் ராஜாவான பெட்ரோவோடு அரண்மனையிலேயே வளர்ந்தவன். சின்ன வயதில் சாகக் கிடந்திருக்கிறான். அவன் அம்மா புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபைச் சாமியார் அங்கி போட்டு விடுகிறேன் என்று. பிழைத்தான். பட்டும் சரிகையுமாக ராஜா வீட்டுப் பிள்ளைகள் திரிகிற இடத்தில் இவன் மட்டும் கறுப்பு அங்கியோடு ஒரு வருஷம் திரிந்தான். "சின்ன அப்போஸ்தலர்" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். "அவங்கம்மாவும் அவரைக் கேக்கலையாம்மா?"

"கேட்ட மாதிரி தெரியலைப்பா."

இதை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடம் வாயில் வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எத்தனை திருவிழாப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! இந்த ராமநாதபுரப் பக்கத்து மறவ நாட்டுக்கு வந்தது, காவி கட்டிப் பண்டார சாமியாகத் திரிந்தது, 1686-ல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டது, ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தது, அந்த நாட்டு அரச குடும்பத்துத் தடியத்தேவர் கிறிஸ்தவராக மாறியதும் அரண்மனையில் எழுந்த கோபம், எல்லாம் மனப்பாடம். அந்த அம்மாவின் நேர்ச்சையை மட்டும் ஏதோ முன்னுரை மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன்.

ஓரியூர்ச் சிறையில் வெட்டுப்படுவதற்கு முந்தின நாள் கரியைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோலைப் பேனாவாக்கிக் கடிதம் எழுதினார் என்றும் சொன்னேன். அவன் குனிந்து ரோட்டிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்து உள்ளங்கையில் எழுதிப் பார்த்தான். "எழுதவே வரலம்மா" என்றான். அந்த வைக்கோலைத் தூக்கிப் போடாமல் காதில் செருகிக்கொண்டான்.

விடிகிற நேரத்துக்கு ஊர் எல்லை. அதுவரை இருந்த பக்தியெல்லாம் வண்டி நிறுத்துகிற இடத்தில் கரைந்தது. ரசீது இல்லாமல் நூறு ரூபாய் கேட்டார் ஒருவர், திருவிழாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கடைசிவரை தெரியவில்லை. பெண்கள் கழிப்பறை வரிசை தேர்பவனியை விட நீளம். இதெல்லாம் பரவாயில்லை. செம்மண்ணைப் பொட்டலம் கட்டி இருபது ரூபாய் என்று ஒருவர் கூவிக்கொண்டிருந்தார் பாருங்கள், மாமியாருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அவரு சும்மா சிந்துனத நீ விக்கிறியாடா?" என்றார். அந்த ஆள் இடத்தை மாற்றிக்கொண்டான்.

பூசையில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஃபாதர் ஒரு விஷயம் சொன்னார், எனக்கு அது புதிது: 1693-ல் அந்த பிப்ரவரி 4 சாம்பல் புதன். "மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய்" என்று ஊரெல்லாம் சாம்பல் பூசுகிற நாளில் அவர் ரத்தம் இந்த மண்ணில் விழுந்திருக்கிறது. இந்த வருஷச் சாம்பல் புதனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எனக்கு அன்றைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் மண் எடுக்கிற இடம். தள்ளு என்றால் அப்படி ஒரு தள்ளு. ஒருத்தர் விசிலை ஊதி ஊதி "நகருங்க, நகருங்க" என்கிறார். இன்னொருத்தர் எல்லோர் தலைக்கும் மேலே செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார். மாமியாரால் முழங்கால் போட முடியவில்லை. பாதி குனிந்து நின்றுவிட்டார், மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. நான் பிடிப்பதற்குள் பெரியவன் அவர் முன்னால் உட்கார்ந்து, தன் தோளைக் கொடுத்தான். அதில் கையை ஊன்றிக்கொண்டு டானிக் பாட்டிலை அவனிடம் நீட்டினார். எங்கள் வீட்டு வழக்கம், மிச்சமிருக்கிற பழைய மண்ணை அங்கே கொட்டிவிட்டுப் புதிதாக அள்ளுவது. அவன் கொட்டினான். ஒரு பிடி கூட இருக்காது. எட்டு வருஷத்துக்கு முந்தி அவன் நெற்றியில் வைத்த மண்ணின் மிச்சம்.

மாமியார் ஜெபப் புத்தகத்து ஜெபம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "சாமி, கடன்காரி வந்துருக்கேன். எட்டு வருசமாச்சு. வட்டின்னு குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. புள்ளைய வளத்துக் கொண்டாந்துருக்கேன், பாத்துக்கங்க. அதான் வட்டி."

விசில்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். என்ன நினைத்தாரோ, வேறு பக்கம் போய் ஊதினார். அவருக்கு அருளானந்தர் நிறையக் கொடுக்கட்டும்.

நான் அங்கே என்ன கேட்டேன் என்றால், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்காரர் வேலை மாற்றம், தம்பி கல்யாணம், சின்னவள் வீசிங். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பிடரி ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். இப்போது அப்பத்தா எடையைத் தாங்கிக்கொண்டு இருக்கிறது. நன்றி சாமி, நன்றி சாமி என்பது மட்டும்தான் வந்தது, அதுவும் அழுகையோடு. என் வீட்டுக்காரர் கூட்டத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் கேனில் தண்ணீரோடு நின்றார். இதைப் பார்க்கவில்லை, அதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எழுந்தவன் யாரிடமும் சொல்லாமல் முடியிறக்குகிற கொட்டகைப் பக்கம் நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம். சீட்டுக்குக் காசு கட்டிய பிறகும் பிளேடுக்குத் தனியாக, "சந்தோஷத்துக்கு"த் தனியாக என்று கேட்டார்கள், கொடுத்தேன். முதல் கற்றை விழுந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். காதில் இருந்த வைக்கோலை எடுத்துக் கையில் பிடித்திருந்தான். சந்தனம் பூசியதும் மாமியார் அந்தத் தலையில் மூன்று தரம் முத்தினார். "ஐயோ அப்பத்தா, சந்தனம் ஒட்டுது" என்றான்.

பனைமரத்தடியில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்தோம். காற்று திசை மாறித் திசை மாறி அடித்ததில் அரிசியை விடக் கண்தான் வெந்தது. பக்கத்தில் கிடா வெட்டியிருந்த குடும்பம், இந்துக்கள், மூன்று தலைமுறையாக வருகிறார்களாம். அவர்கள் வீட்டு அம்மா ஒரு தூக்கில் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். நாங்கள் பொங்கல் கொடுத்தோம். அவர் மாமியாரிடம், "எங்களுக்கு அருளப்பசாமி ஒரு பேத்தியக் குடுத்தாருங்க" என்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மூட்டு வலிக்குக் கைவைத்தியம் பேசினார்கள்.

ஐந்தாம் தேதி பெரியவன் தொப்பி போடாமலே பள்ளிக்கூடம் போனான். சாயங்காலம் வந்ததும் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, பயலுக கேலி பண்ணுனானுகளா?"

"பண்ணாம? நாலு பேரு பழனியான்னு கேட்டானுங்க. ஒருத்தன் சமயபுரமான்னான். ஓரியூர்னு சொன்னேன். அது எங்கடா இருக்குன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அது பெரிய கதைடா, லஞ்ச் பெல்லுல சொல்றேன்னேன்" என்று பையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.