கதியாலும் போத்தும்

1990இல் இலங்கையின் தலைமன்னாரில் படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் அகதி முகாமிலிருந்து வேலூர்ப் பக்கம் அனுப்பப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் வந்து சேர்ந்த மாவட்டத்துக்கு அப்போது ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று பெயர். பத்துக்குப் பத்தடி முகாம் வீட்டின் வாசலில் அம்மா மிளகாயும் தண்டுக்கீரையும் போட்டார். மரம் மட்டும் வைக்கவில்லை. அடுத்த வருடமே ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பியவர், காய்க்குமுன் விட்டுப்போகிற மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்பார். அந்த அடுத்த வருடம் 33 வருடமாக நீண்டது.

2023இல் புது வீடு கிடைத்தது. வீட்டின் பின்னால் மூன்று கட்டில் போடுமளவுக்கு நிலம் மிஞ்சியது. காசு கொடுத்துத் தோட்டம் அமைக்க வசதியில்லை. ஆனால் பழைய வீட்டை இடித்ததில் செங்கல்லும் சவுக்குக் கழிகளும் கிடந்தன. கூரையில் இருந்த அஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்துப் பாத்திக்கு அணையாக நிறுத்தலாம் என்றார் மைத்துனர். அறுக்கும்போது பறக்கும் இழைகள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதற்கு நான் ஒப்பவில்லை. செங்கற்களில் ஒட்டியிருந்த சிமென்ட் காரையையும் கொத்தி நீக்கிய பிறகே வரப்புக் கட்டினேன். காரைத் துண்டுகள் மண்ணில் கலந்தால் சுண்ணாம்பு ஏறி, செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகும்.

முகாம் ஆண்களில் பலரைப் போல நானும் பெயின்டர். வேலை முடிந்த கட்டடங்களில் எறியப்படும் 20 லிட்டர் வாளிகளை மிதிவண்டியில் கட்டிக் கொண்டுவந்தேன். நீரில் கரையும் எமல்ஷன் வாளிகளை மட்டுமே எடுத்தேன். எனாமல் டப்பாக்களைத் தொடவில்லை. அடியில் ஆறு துளை, அதன்மேல் உடைந்த ஓட்டுச் சில், பிறகு செம்மண்ணும் மக்கிய சாணமும் என்று நிரப்பியதில் மிளகாய் நன்றாக வந்தது. அந்த ஆசையில், இந்த மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயையும் வாளியில் வைத்தேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரி சித்திரை வெயிலில் வாளிக்குள்ளேயே வதங்கிவிட்டது. வெயில் பட்ட வாளியில் வேர் வெந்துபோகும் என்பது அதன் பிறகே எனக்கு உறைத்தது. வாளிகளை வரிசையாகப் பாதியளவு மண்ணில் புதைத்தேன்.

வேலூர் வெயிலுக்கு மண்ணை மறைக்கும் மூடாக்கு இல்லாமல் எதுவும் நிலைக்காது. நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம், இங்கே மல்லாட்டை என்கிறார்கள். அதை உடைக்கும் ஆலையில் மூட்டை மூட்டையாகக் கடலைத் தோல் கிடந்தது. நான்கு விரல் தடிப்பில் பரப்பியதும், இருவேளை ஊற்றிய தண்ணீர் ஒருவேளையாகக் குறைந்தது. தோல் தொழிற்சாலையில் விழும் சீவலும் எருவாகும் என்று ஒருவர் சொன்னார். குரோமியத்தில் பதனிட்ட தோலைக் கீரைப் பாத்தியில் போட எனக்குத் துணிவில்லை.

வேலிதான் அம்மாவின் பங்கு. ஊரில் பூவரசையும் கிளுவையையும் கதியாலாக, அதாவது ஊன்றினால் துளிர்க்கும் தடியாக, வெட்டி நட்டு வேலி அடைத்தவர் அவர். பக்கத்துத் தெரு ஆயா தம் கொல்லையிலிருந்து கிளுவையும் முருங்கையும் வெட்டித் தந்து, “இந்தப் போத்த மழைக்கு முன்னாடி நட்டுடும்மா” என்றார். கதியால் என்று அம்மாவும் போத்து என்று ஆயாவும் ஒரே தடியைச் சொல்லிக்கொண்டு, எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று ஒரு முழு மாலை வாதாடினார்கள். அம்மா சொன்ன ஒன்றரை அடியே நிலைத்தது. சவுக்குக் கழிகளை இடையிடையே நட்டுப் போத்துகளை அவற்றோடு கட்டினோம். முருங்கையில் இரண்டு அழுகின, மற்றவை துளிர்த்தன.

போன மாதம் அம்மா தாமாகவே ஒரு தேசிக்காய்க் கன்று, அதாவது எலுமிச்சை, வாங்கிவந்து வேலி மூலையில் வைத்தார். காய்க்க மூன்று நான்கு வருடமாவது ஆகும் என்றேன். “அதுக்குள்ள குளிக்கிற தண்ணியை அந்தப் பக்கம் திருப்பிவிடு, தம்பி” என்றார். ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டுகள் ஆறு, இப்போது வேலை செய்யும் கட்டடத்தில் மிஞ்சிக் கிடக்கின்றன. மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.