செரை, கலமான்சி, வோட்கா: நான்கு சனிக்கிழமைகள்

நேற்றுத்தான் நினைத்த ருசி கிளாஸில் வந்தது. செரை என்னும் எலுமிச்சைப் புல் போட்டு ஊறவைத்த வோட்கா, கலமான்சி என்னும் குட்டி எலுமிச்சையின் சாறு, லிமாவ் பூருட் என்னும் காஃபிர் எலுமிச்சை இலையின் மணம், மேலே கொஞ்சம் சோடா. சனிக்கிழமை வேலையெல்லாம் முடித்து, வியர்வை அடங்கக் குளித்துவிட்டு உட்காரும்போது கையில் இருக்க வேண்டிய பானம் இது. நான்கு வாரமாகக் குறித்துவைத்ததை எழுதுகிறேன்.

வோட்காவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜின்னில் ஜூனிப்பர் என்ற காயின் மணம் முன்பே ஏறியிருக்கும். வோட்காவுக்குச் சொந்த வாசம் மிகக் குறைவு, நாம் எந்த இலையைப் போடுகிறோமோ அது அப்படியே தெரியும். ஆனால் இங்கே சிங்கப்பூரில் விலை கடிக்கும். சுத்தமான ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி கலால் வரி. 40 சதவிகிதமுள்ள 700 மில்லி பாட்டிலில் 280 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, ஆக வரி மட்டுமே 24 வெள்ளி 64 காசு. ஜிஎஸ்டி அதற்குமேல். அதனால் முழு பாட்டிலிலும் இலையைப் போட மனம் வரவில்லை. மூடியுள்ள சின்னக் கண்ணாடி ஜாடிகளில் 100 மில்லி, 100 மில்லியாக ஊற்றிப் பார்த்தேன்.

முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் போட்டேன். தேக்கா சந்தையில் வாங்கிய செரை ஒரு தண்டு, எதிர் வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) தன் தொட்டியிலிருந்து பறித்துத் தந்த லிமாவ் பூருட் இலை நான்கு, ஒரு பிடி புதினா. மூன்று நாள் ஊறியது. திறந்தபோது புதினா கறுத்துக் குழைந்து கிடந்தது. நாக்கில் வைத்தால் கசப்பு. அம்மா குடிக்க மாட்டார், ஆனால் மூக்கு அவருக்கு மிகக் கூர்மை. ஜாடியை வாங்கி மோந்துவிட்டு, “ஏன்டா, சோப்பு வாடை அடிக்குதே” என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். லிமாவ் பூருட் இலையின் மணத்துக்கு முக்கியக் காரணம் சிட்ரோனெல்லால் என்ற பொருள். கொசு விரட்டப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெயிலும் சில சோப்புகளிலும் அதுவே இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் எலுமிச்சைத் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி, அளவு மீறினால் குளியலறை.

விஷயத்தைச் சொன்னதும் மக்சிக் தன் வீட்டு வாசலிலேயே நின்று ஓர் இலையை எடுத்து இரண்டாக மடித்தார். நடு நரம்பைப் பிடித்து ஓர் இழு, நரம்பு முழுதாக உரிந்து வந்தது. சமையலில் இலையை மெல்லியதாக அரியும்போது இப்படித்தான் செய்வாராம், கசப்பு அந்த நரம்பில் என்றார்.

இரண்டாம் வாரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி. நரம்பு நீக்கிய இலை இரண்டை 100 மில்லியில் போட்டு, மணிக்கு ஒரு தடவை அரை ஸ்பூன் ருசித்தேன். மூன்றாவது மணியில் மணம் சரியாக இருந்தது. ஐந்தாவது மணியில் சோப்பு எட்டிப் பார்த்தது. செரைக்கு அந்த அவசரமே இல்லை. அடியில் வெளுத்திருக்கும் நான்கு அங்குலத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பிளந்து போட்டால், முதல் நாள் பச்சைப்புல் வாசம்தான் வரும். இரண்டாம் நாள் மாலையில் பார்த்தால் புல் வாசம் பின்னுக்குப் போய் எலுமிச்சை மணம் முன்னால் நிற்கிறது. புதினாவை ஊறவைக்கும் யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன். பரிமாறும்போது உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகினால் போதும்.

அந்த சனிக்கிழமை இரவு வோட்கா தீர்ந்துவிட்டது. மணி 10.40. 2015 முதல் இரவு 10.30க்கு மேல் கடைகளில் மது வாங்கிக்கொண்டு போக முடியாது. சரி, மிச்சமிருக்கும் செரையைப் பாகில் போட்டுப் பார்ப்போம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். எனக்கு வழி திறந்தது அங்கேதான். 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், தட்டிய செரை மூன்று தண்டு. முதல் தடவை திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க மணந்தது, பாகில் மணமே இல்லை. ஆவியோடு எல்லாம் போய்விட்டது. இரண்டாம் தடவை கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி போட்டு அரை மணி நேரம் விட்டேன். இந்தப் பாகு வேறு மாதிரி. செரையின் மணத்துக்குக் காரணமான சிட்ரல் எண்ணெய் தண்ணீரில் அதிகம் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஆகவே வோட்காவில் கூர்மையான எலுமிச்சை மணம் வருகிறது, பாகில் செரை டீ குடித்த மாதிரி இதமான ருசி வருகிறது. ஒரே தண்டுதான், இரண்டு குணம். இரண்டையும் ஒரே கிளாஸில் சேர்த்தபோது செரை முழுசாகக் கிடைத்தது.

மூன்றாம் வாரம் கலமான்சியோடு போனது. ஒரு பழத்துக்கு ஒரு டீஸ்பூன் சாறு வந்தால் பெரிது, அதில் விதை மட்டும் நிறைய. முதலில் எலுமிச்சை பிழியும் கருவியில் வைத்து அழுத்தினேன். விதையும் தோலும் நசுங்கிக் கசந்தது. பிறகு காம்புக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக வெட்டி, வடிகட்டிக்கு மேல் பிடித்து இரண்டு விரலால் மெதுவாகப் பிழிந்தேன். விதைகள் வடிகட்டியில் நின்றுவிட்டன, ஆரஞ்சு நிறச் சாறு மட்டும் கீழே இறங்கியது. காலையில் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்த சாற்றையும் அப்போதே பிழிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். காலையில் பிழிந்ததில் புளிப்பு இருந்தது, பூ வாசம் இல்லை. கலமான்சியை வாங்குவதே அந்தப் பூ வாசத்துக்காகத்தான். அதனால் விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகே பிழிவது என்று வைத்துக்கொண்டேன். அம்மா எலுமிச்சை ஜூஸில் எப்போதும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். இதிலும் போட்டேன். மிச்சமிருந்த கசப்பும் அடங்கியது.

குலுக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் சூடு தாங்கும் இரட்டைச் சுவர் குடுவையில் குலுக்கினேன். உள்ளே எவ்வளவு குளிர்ந்தது என்று கைக்குத் தெரியவே இல்லை. ஒற்றைத் தகடு எவர்சில்வர் ஷேக்கருக்கு மாறியதும் வித்தியாசம் புரிந்தது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஐந்து விநாடியில் வெளியே பனி படியும், பத்து விநாடியில் நீர் முத்து முத்தாகத் திரண்டு விரலில் ஒட்டும், பன்னிரண்டாவது விநாடியில் பிடிக்க முடியாத குளிர். அங்கே நிறுத்தினால் ஐஸ் கரைந்த தண்ணீர் சரியான அளவில் சேர்ந்திருக்கும். ஐஸை ஃபிரீசரிலிருந்து நேராக ஷேக்கரில் போட வேண்டும். வெளியே வைத்து வழவழவென்று ஆன ஐஸ் பானத்தைத் தண்ணீராக்கிவிடும்.

நேற்றைய அளவு: செரை வோட்கா 30 மில்லி, இலை வோட்கா 15 மில்லி, கலமான்சிச் சாறு 25 மில்லி, செரைப் பாகு 20 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. குலுக்கி, உயரமான கிளாஸில் புது ஐஸின் மேல் வடிகட்டி, 60 மில்லி சோடா, தட்டிய புதினா ஒரு கொத்து. கரைந்த ஐஸையும் சேர்த்தால் ஏறத்தாழ 175 மில்லி வரும், அதில் ஆல்கஹால் 10 சதவிகிதம். சாதாரண பியரைப் போல இரண்டு மடங்கு. இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடும் என்பதால் ஜூஸ் மாதிரி மடமடவென்று குடிக்க வேண்டாம்.

அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் வோட்கா இல்லாமல் அதே பாகு, அதே சாறு, உப்பு, 150 மில்லி சோடா. லிமாவ் இலை ஒன்றைக் கிழித்து கிளாஸின் உள்பக்கம் தேய்த்துவிட்டு எறிந்தேன், மணம் அதிலேயே வந்துவிட்டது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, மோந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு வாய் குடித்தார். “இப்போ சோப்பு இல்லை” என்றார். அண்ணன் இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

பாகு இன்னும் அரை பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இன்று காலை புது ஜாடியில் தாய்லாந்துத் துளசி போட்டிருக்கிறேன், எட்டு இலை, 100 மில்லி. அதுவும் புதினா மாதிரி சீக்கிரம் கறுக்கும் என்று தோன்றுவதால் அரை மணிக்கு ஒரு தடவை ருசிக்கிறேன். இப்போது இரண்டாவது ருசி முடிந்தது: சோம்பு மணம் லேசாக வந்திருக்கிறது, நிறம் இன்னும் மாறவில்லை.