லாகோஸ் எலும்பு வார்டில் கூடவே இருந்து பார்த்தது

நைஜீரியாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் அரசு மருத்துவமனைப் பக்கம் போவது அபூர்வம். மலேரியா, டைபாய்டு என்றால் கம்பெனி இன்சூரன்ஸில் இருக்கும் தனியார் கிளினிக். பெரிய ஆபரேஷன் என்றால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2024 ஆகஸ்டில் லாகோஸ்–இபாதான் எக்ஸ்பிரஸ்வேயில் என் கணவர் வந்த கார் மேல் லாரி மோதி, அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அந்தக் காலோடு விமானம் ஏற முடியாது. எலும்புக்கு நல்ல டாக்டர்கள் பெரிய அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறார்கள் என்று கம்பெனி ஆட்களே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அதன் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லும் சிரமங்கள் அந்த ஒரு கட்டடத்தோடு முடிகிறவையும் இல்லை.

எப்படிச் சமாளித்தீர்கள் என்று இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல அப்புறம் கேட்டன. அவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். எந்தக் கவுன்டரில் என்ன கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது ஒன்று உண்டு. அங்கே நமக்கு நல்ல கவனிப்பு கிடைப்பதும் கிடைக்காததும், அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, அவருக்குச் சம்பளம் வந்ததா என்பதைப் பொறுத்தே இருந்தது.

எமர்ஜென்சியில் நுழைந்ததும் பணம் கேட்கவில்லை. அவசர சிகிச்சையை எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. காலை அசையாமல் கட்டினார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். மத்திய அரசு நிறுவனம் என்பதால் அப்போது பணம் ரெமிட்டா என்ற ஆன்லைன் கட்டண வழியில்தான் போக வேண்டியிருந்தது. ஒரு ஜன்னலில் கட்டண எண் எடுத்துத் தந்தார்கள். அந்த எண்ணோடு இன்னொரு ஜன்னலில் ஏடிஎம் கார்டைத் தேய்க்க வேண்டியிருந்தது. அந்த ரசீதைக் காட்டினால்தான் எக்ஸ்ரே. "மேடம், நெட்வொர்க் இல்லை" என்று அங்கே இருந்த பையன் சொன்னால், கையில் பணம் இருந்தும் எக்ஸ்ரே எடுக்க முடியாது. அந்தப் பையன் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினான் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். நெட்வொர்க்கை அவன் எங்கே போய்க் கொண்டுவருவான்?

வார்டுக்கு மாற்றியதும் வாங்க வேண்டிய சாமான்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கையுறை, சிரிஞ்சு, பஞ்சு, ஸ்பிரிட், பிளாஸ்டர், டிரிப்ஸ் டியூப், ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஊசி. அதோடு வாளி, போர்வை, கொசுவலை, குடிதண்ணீர். அந்த ஊசிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. 2023 மே மாதம் பெட்ரோல் மானியம் நின்று, அடுத்த மாதமே நைஜீரியப் பணமான நைராவும் சரிந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் மருந்துகள் பலவற்றின் விலை சாதாரண மனிதர்களுக்கு எட்டாமல் போய்விட்டது. எங்களுக்காவது பின்னால் கம்பெனி இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள், "உங்கள் பிளானில் அந்த மருத்துவமனை இல்லை, நீங்கள் கட்டிவிட்டு பில்லோடு வாருங்கள்" என்றார்கள். நைஜீரியாவில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் அந்த வார்டில் நான் பேசிப் பார்த்த குடும்பங்கள் பெரும்பாலும் கைக்காசைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. நிலத்தை விற்றவர்களும் இருந்தார்கள், சர்ச்சில் வசூல் செய்து கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள்.

ரத்தத்துக்கு ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். வேண்டிய யூனிட்டுக்கு ஏற்ப நன்கொடையாளர்களை நாமே அழைத்துப் போக வேண்டும். முதலில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். அப்புறம் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் பரிசோதனை. காசு வாங்கிக்கொண்டு ரத்தம் தருகிறேன் என்று வாசலில் நிற்பவர்களிடம் போகாதீர்கள் என்று லேப் அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் கணவரின் பேக்டரியில் மெஷின் ஓட்டும் இருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தார்கள். இரவு முழுக்கத் தூங்காதவர்களிடம் எடுக்க மாட்டோம் என்று அதே அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து மறுபடி வந்து கொடுத்தார்கள். அந்த இரண்டு பேருக்கும், அந்த அக்காவுக்கும் நான் எப்போதும் கடன்பட்டவள்.

வார்டில் அவருடைய காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முறிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க அந்த இழுப்பு வேண்டும். தியேட்டரில் இடம் கிடைக்கும் வரை அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். பக்கத்துக் கட்டிலில் பைக் டாக்ஸி ஓட்டும் ஒரு பையன், துணைக்கு அபேகுட்டாவிலிருந்து வந்த அவன் அம்மா. இரவில் வெளி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கக் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாதான். நர்ஸ் வந்தால் முதலில் "ஏ கூ இஷே மா" என்று வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லும் யொரூபா வணக்கத்தைச் சொல்லு, கேட்க வேண்டியதை அப்புறம் கேள் என்பார். காலையில் அவர் வாங்கிவரும் அகாரா வடையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. காராமணியை அரைத்துச் சுடுவது. நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இரவு டியூட்டி நர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது கட்டில் அளவுள்ள வார்டுக்கு அவர் ஒருவர்தான், கூட ஒரு உதவியாளர். ஒரு நாள் நடுராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே வரவில்லை. அவர் செல்போன் டார்ச்சைப் போட்டு, போனைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு, ஒரு கிழவரின் கையில் நரம்பு தேடி ஊசி குத்தினார். நான் ஓடிப்போய் போனை வாங்கிப் பிடித்தேன். முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு காலா பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். பஸ் நெரிசலில் கூவி விற்பார்களே, இறைச்சி வைத்த அந்த ரொட்டிதான். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் கடைசிக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் வீடு இக்கோரொடு பக்கம். பஸ் மாறி மாறி வர வேண்டும். மானியம் நிற்பதற்கு முன்பு லிட்டர் 190 நைரா அளவில் இருந்த பெட்ரோல், அந்த செப்டம்பரில் 850ஐத் தாண்டியது. சம்பளத்தில் பெரிய பங்கு வண்டிக்கே போகிறது என்றார். இங்கிலாந்துக்கு விண்ணப்பித்திருந்தாராம். ஆனால் 2024 பிப்ரவரியில் நர்சிங் கவுன்சில் புது விதி கொண்டுவந்தது. நிரந்தர உரிமம் வாங்கி இரண்டு வருடம் உள்நாட்டில் வேலை பார்த்த பிறகுதான் வெளிநாட்டுக்கான சான்று சரிபார்ப்பு. அவருக்கு அந்தக் கணக்கு முடிய இன்னும் காலம் இருந்தது. "எனக்குப் போக ஆசை இல்லை மேடம், இந்த வார்டில் இன்னும் இரண்டு பேரைப் போட்டால் இங்கேயே இருந்துவிடுவேன்" என்றார். இதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். கடந்த ஐந்து முதல் ஏழு வருடங்களில் 16,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டதாக 2025இல் சுகாதார அமைச்சர் முகமது அலி பாட்டே சொன்னார். போனவர்களின் வேலை எங்கும் போகவில்லை. இருப்பவர்களின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அதே வார்டில் இன்னொரு நாள், வலி ஊசி தாமதமானது என்று ஒரு நோயாளியின் அண்ணன் அந்த நர்ஸை அடிக்கக் கை ஓங்கினார். நாங்கள் நாலைந்து பேர் நடுவில் போய் நின்றோம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தம்பி துடித்துக்கொண்டிருந்தான். நோயாளிகளின் உரிமைச் சாசனம் என்று 2018இல் அரசு வெளியிட்ட 12 உரிமைகளில், மரியாதையான, தரமான கவனிப்பும் உண்டு. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த உரிமையைக் கொடுக்க வேண்டியவர் முப்பது கட்டிலுக்கு ஒருவராக இருக்கும்போது, அடிவாங்க வேண்டியவரும் அவரே என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஊசி தாமதமானதற்குக் காரணமானவர்கள் யாரும் அந்த நேரத்தில் வார்டில் இல்லை.

ஒருவழியாக ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். உள்ளே வைக்கும் ராடு வாங்கியாயிற்று, ரத்தம் தயார். ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை, நாடு முழுவதும் ரெசிடெண்ட் டாக்டர்கள் (மேற்பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள்) ஏழு நாள் எச்சரிக்கை வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எனக்கு அழுகையாக வந்தது. எங்கள் வார்டைப் பார்த்த இளம் டாக்டர் போவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலாக வந்து நிலைமையைச் சொன்னார். கதுனாவில் உள்ள தேசியக் கண் மருத்துவ மையத்தின் பெண் மருத்துவர் ஒருவரை 2023 டிசம்பரில் கணவரோடும் உறவுக்காரப் பையனோடும் கடத்திப் போயிருந்தார்கள். கணவரை மட்டும் மார்ச்சில் விட்டார்கள். எட்டு மாதமாகியும் அந்தப் பெண் மருத்துவர் வரவில்லை. அவரை மீட்டுத் தரச் சொல்லித்தான் இந்த வேலைநிறுத்தம். "எங்களில் ஒருவரைத் தூக்கிப் போனால் யாரும் தேட மாட்டார்கள் என்று ஆகிவிட்டால், நாங்கள் எப்படி இங்கே வேலை பார்ப்பது?" என்றார் அவர். என் கணவர் படுத்தபடியே அவர் கையைப் பிடித்து, "போய் வாருங்கள் டாக்டர்" என்றார். அந்தப் பெண் மருத்துவர் நவம்பரில்தான் விடுதலையானார்.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். முந்தைய வருடம் லாகோஸிலேயே ஒரு பயிற்சி மருத்துவர் தொடர்ந்து 72 மணி நேரம் டியூட்டி பார்த்த பிறகு சுருண்டு விழுந்து இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து எங்கள் டாக்டரின் அம்மா தினமும் இரவில் அவருக்குப் போன் பண்ணி, தூங்கினாயா என்று கேட்கிறாராம். ஆபத்தான வேலைக்கென்று அரசு மருத்துவர்களுக்குக் கொடுத்த படி மாதம் 5,000 நைராவாகவே பல காலம் இருந்தது. எபோலா வந்த 2014இலும் அவ்வளவுதான். 2021 கடைசியில்தான் கூட்டினார்கள்.

வேலைநிறுத்த வாரம் எப்படிப் போனது என்றால், மெதுவாகப் போனது. பெரிய டாக்டர்களும் நர்ஸ்களும் இருந்தார்கள், அவசர கேஸ் மட்டும் பார்த்தார்கள். கணவரின் முதுகில் படுக்கைப் புண் வராமல் திருப்பித் தேய்த்துவிடுவது எப்படி என்று பகல் நர்ஸ் ஒருவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் மயக்க மருந்து டாக்டர் பற்றாக்குறையால் ஒரு தடவை தள்ளிப்போனது. பிறகு நல்லபடியாக ராடு வைத்தார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பின்னால் சென்னையில் எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர், யார் செய்தது, மிக நேர்த்தி என்றார். அதே கைகள்தான் லிஃப்ட் ஓடாத நாளில் ஸ்ட்ரெச்சரையும் தூக்கின.

போக நேர்ந்தால், நாங்கள் கண்டுகொண்டவை இவை. ரசீதுகளை ஒன்றுவிடாமல் ஒரே கவரில் வையுங்கள். டிஸ்சார்ஜ் அன்று பார்மசி, லேப், தியேட்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். கேள்விகளைக் காலை ரவுண்ட்ஸ் நேரத்துக்கு எழுதி வையுங்கள், டியூட்டி மாறும் நேரத்தில் கேட்காதீர்கள். இரவு டியூட்டிக்காரருக்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் செர்விகாம் மேசைக்குப் போனேன். அரசு அலுவலகங்களின் சேவையைப் பற்றிப் புகார் சொல்ல 2004இல் தொடங்கிய அமைப்பு அது. மருத்துவமனைகளிலும் மேசை உண்டு. யார் மேல் புகார் என்று அங்கே இருந்த அம்மா கேட்டார். ஆள் மேல் இல்லை, இரவு டியூட்டிப் பட்டியல் மேல் என்றேன். இரவில் ஒரு வார்டுக்கு ஒரு நர்ஸ் போதாது, அதனால் நோயாளிக்கு ஊசி தாமதமாகிறது, அதனால் நர்ஸுக்கு அடி விழப் பார்க்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டோம், நர்சிங் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. பிசியோதெரபிக்குப் போகும்போதெல்லாம் வார்டில் விசாரிக்கிறேன். இரவுக்கு இன்னும் ஒருவர்தான். அதனால் இரண்டாவது கடிதமும் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை தலைமை மருத்துவ இயக்குநர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.